வினையூக்கிகளைக் கணினியில் ஆராயும் பேராசிரியராக வேண்டுமா? தொடக்கத்திலிருந்து ஒரு வழிகாட்டி

"கம்ப்யூட்டேஷனல் கெமிஸ்ட்ரி பண்ண ஆசையா இருக்கு, முதல்ல எந்த சாஃப்ட்வேர் கத்துக்கணும்?" வேதியியல் மாணவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். சாஃப்ட்வேரைச் சில மாதங்களில் பழகிவிடலாம். அது தரும் எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று தெரிந்துகொள்ளத்தான் வருடங்கள் ஆகும். அதனால் தேர்வு, உதவித்தொகை, விண்ணப்பம் பற்றிச் சொல்லும்போதே, எண்ணைச் சோதிக்கும் பழக்கம் எந்தக் கட்டத்தில் எப்படி வரவேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லப்போகிறேன்.

பாதை நீளமானது. பி.எஸ்சி. மூன்று வருடம், எம்.எஸ்சி. இரண்டு, பிஎச்டி ஐந்து அல்லது ஆறு, அதன்பின் போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி) இரண்டு முதல் நான்கு வருடம். வீட்டில் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

முதல் படி: துறை எதைப் பற்றியது என்று தெரிந்துகொள்ளுங்கள்

அம்மோனியாவை எடுத்துக்கொள்வோம். நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் நேரடியாகச் சேர்த்து அம்மோனியா செய்யலாம் என்று ஃப்ரிட்ஸ் ஹேபர் 1909-ல் செய்து காட்டினார். அதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவர, மலிவாகக் கிடைக்கும் வினையூக்கி ஒன்று தேவைப்பட்டது. பிஏஎஸ்எஃப் நிறுவனத்தில் ஆல்வின் மிட்டாஷின் குழு ஆயிரக்கணக்கான சோதனைகள் செய்து பார்த்தது. கடைசியில், கொஞ்சம் அலுமினாவும் பொட்டாசியமும் சேர்த்த இரும்புதான் சரியாக வந்தது. 1913-ல் ஓப்பாவ் ஆலை ஓடத் தொடங்கியது. அந்த இரும்பின் பரப்பில் ஒவ்வொரு படியிலும் என்ன நடக்கிறது என்பது தெளிவாகப் பல பத்தாண்டுகள் ஆயின. திடப் பரப்புகளில் நடக்கும் வேதிவினைகளை ஆராய்ந்ததற்காக கெர்ஹார்ட் எர்ட்ல் 2007-ல் நோபல் பரிசு பெற்றார். அம்மோனியா ஆய்வும் அந்தப் பணியில் ஒரு பெரிய பகுதி.

மிட்டாஷ் உலையில் நடத்திய தேடலின் ஒரு பகுதியைக் கணினியில் நடத்துவதுதான் நம் வேலை. ஒரு உலோகத்தின் பரப்பில் நைட்ரஜன் அணு எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது, மூலக்கூறு உடைய எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று குவாண்டம் இயக்கவியலைக் கொண்டு கணக்கிடுகிறோம். ரொம்ப இறுக்கமாக ஒட்டினால் விளைபொருள் பரப்பை விட்டுப் போகாது. லேசாக ஒட்டினால் வினை தொடங்கவே தொடங்காது. நடுத்தரமாக ஒட்ட வேண்டும். பால் சபாட்டியே சொன்ன விதி இது. ஒட்டும் ஆற்றலை ஒரு அச்சிலும் வினையின் வேகத்தை இன்னொரு அச்சிலும் வைத்து வரைந்தால் நடுவில் உச்சி வரும். அதை எரிமலை வரைபடம் என்கிறார்கள்.

இந்தக் கருத்தை வைத்து டென்மார்க்கில் 2001-ல் ஒரு கணிப்பு செய்தார்கள். மாலிப்டினம் நைட்ரஜனை மிக இறுக்கமாகப் பிடிக்கிறது, கோபால்ட் மிக லேசாகப் பிடிக்கிறது. அப்படியானால் இரண்டும் சேர்ந்த சேர்மம் உச்சிக்குப் பக்கத்தில் வரவேண்டும். சோதித்துப் பார்த்தபோது கோபால்ட் மாலிப்டினம் நைட்ரைடு உண்மையிலேயே நன்றாக வேலை செய்தது. இரண்டு எண்களைப் பார்த்து மூன்றாவதை ஊகித்தார்கள், ஊகம் பலித்தது. என்னை இந்தத் துறையில் பிடித்துவைத்திருப்பது இந்த மாதிரித் தருணங்கள்தான்.

உலோகப் பரப்புகள் மட்டும்தான் துறை என்று நினைக்க வேண்டாம். கரைசலில் வேலை செய்யும் பல்லேடியம் அணைவுச் சேர்மங்களை ஆராய்பவர்கள் உண்டு, நொதிகளை ஆராய்பவர்களும் உண்டு. மூன்றுக்கும் கருவிகள் வேறு, பேச்சு வழக்கும் வேறு. எதில் இறங்குவது என்பதை எம்.எஸ்சி. வரை முடிவு செய்யாமல் இருக்கலாம்.

பி.எஸ்சி. படிக்கும்போது

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் வேதியியலுக்கு அலைடு பாடம் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே பாதை பிரிகிறது. தேர்வு உங்கள் கையில் இருந்தால் கணிதமும் இயற்பியலும் எடுங்கள். தாவரவியல், விலங்கியல் எடுத்துவிட்டவர்களுக்குக் கதவு மூடிவிடவில்லை, ஆனால் நேரியல் இயற்கணிதத்தைத் தனியாக உட்கார்ந்து படித்தாக வேண்டும். அணிகள், ஐகன் மதிப்புகள், பகுதி வகைக்கெழு, அடிப்படை நிகழ்தகவு ஆகிய நான்கும் கட்டாயம். குவாண்டம் வேதியியல் முழுவதும் ஒரு பெரிய ஐகன் மதிப்புக் கணக்குதான் என்று எம்.எஸ்சி.யில் தெரியவரும்போது இந்த உழைப்பு கைகொடுக்கும். ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் இணையத் தளத்தில் இவற்றுக்கெல்லாம் இலவசமாக வகுப்புகள் இருக்கின்றன.

அப்புறம் லினக்ஸ், பைத்தான். வீட்டு லேப்டாப்பில் உபுண்டுவைப் போட்டு, கோப்புகளைக் கட்டளை வரியிலேயே கையாளப் பழகுங்கள். பைத்தானில் ஒரு தரவுக் கோப்பைப் படித்து வரைபடம் வரையத் தெரிந்தால் இப்போதைக்குப் போதும்.

ஆய்வகச் செய்முறை வகுப்புகளை ஏனோதானோ என்று முடித்துவிடாதீர்கள். கணினியில்தானே உட்காரப்போகிறோம், எதற்கு இந்த டைட்ரேஷன் என்று தோன்றும். ஒரே சோதனையை மூன்று முறை செய்து மூன்று விடை வருவதைக் கையால் அனுபவித்தவர்களுக்குத்தான், சோதனைத் தரவோடு கணக்கை ஒப்பிடும்போது எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்று புரிகிறது.

இரண்டாம் வருடத்திலிருந்து கோடை விடுமுறை ஆய்வு உதவித்தொகைகளுக்கு விண்ணப்பியுங்கள். இந்திய அறிவியல் அகாதெமிகள் சேர்ந்து நடத்தும் திட்டத்தில் ஒரு பேராசிரியரிடம் இரண்டு மாதம் வேலை செய்யலாம். பெங்களூரு ஜவாஹர்லால் நேரு மையமும், சென்னை ஐஐடி போன்ற இடங்களும் தனியாகவும் நடத்துகின்றன. சிறிய ஊரின் கல்லூரியில் படிப்பவர்களுக்கு இந்த இரண்டு மாதம் மிகப் பெரியது. ஆய்வுக் குழு என்றால் என்ன, சீனியர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதை நேரில் பார்க்கக் கிடைக்கும் முதல் வாய்ப்பு பலருக்கு அதுதான்.

மூன்றாம் வருடத்தில் ஐஐடி ஜாம் தேர்வு. அதில் வரும் மதிப்பெண்ணை வைத்து ஐஐடிகளிலும் என்ஐடிகளிலும் எம்.எஸ்சி. சேரலாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த பிஎச்டிக்கும் அதுவே வழி. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு க்யூட் முதுநிலைத் தேர்வு எழுத வேண்டும். ஜாம் கைகூடவில்லை என்றால் மாநிலப் பல்கலைக்கழகத்திலோ நல்ல கல்லூரியிலோ எம்.எஸ்சி. படித்து, அடுத்த கட்டத்தில் நெட், கேட் என்ற தேசியத் தேர்வுகள் மூலமாக மேலே போகலாம். அப்படிப் போனவர்கள் ஏராளம்.

எம்.எஸ்சி.யில்: முதல் கணக்குகளை நீங்களே போடுங்கள்

இந்தக் கட்டத்தில் ஒரு புராஜெக்ட் செய்தாக வேண்டும். வழிகாட்ட ஆள் இல்லாவிட்டாலும் தொடங்கலாம். குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ, ஜிபாவ், சிபி2கே ஆகிய மென்பொருள்கள் இலவசம், திறந்த மூலம். கரைசல் வேதியியலுக்கு ஓர்கா இருக்கிறது, கல்விப் பயன்பாட்டுக்கு இலவசம். வாஸ்ப், காஸியன் இரண்டுக்கும் உரிமம் வாங்க வேண்டும். திருட்டுப் பிரதி வைத்து வேலை செய்யாதீர்கள். ஆய்வுக் கட்டுரை வெளியிடும்போது அது உங்களையும் உங்கள் கைடையும் சேர்த்துச் சிக்கலில் மாட்டிவிடும். அணு அமைப்புகளைக் கட்டுவதற்கு ஏஎஸ்இ என்ற பைத்தான் தொகுப்பு போதும்.

கணக்குகளுக்கு அடிப்படை அடர்த்திச் சார்பியல் கோட்பாடு, எல்லோரும் சுருக்கமாக டிஎஃப்டி என்பார்கள். ஹோஹென்பெர்க்கும் வால்ட்டர் கோனும் 1964-லும், கோனும் ஷாமும் 1965-லும் எழுதிய கட்டுரைகளில் இது பிறந்தது. கோன் 1998-ல் ஜான் போப்பிளுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கோட்பாடு துல்லியமானது, ஆனால் அதில் ஒரு உறுப்பின் சரியான வடிவம் யாருக்கும் தெரியாது. அதைத் தோராயமாகத்தான் எழுதுகிறோம். 1996-ல் வந்த பிபிஇ அப்படி ஒரு தோராயம், இன்றும் பெரும்பாலானவர்கள் பயன்படுத்துவது. பிழை இங்கிருந்துதான் வருகிறது என்பதை முதல் நாளே மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் சொல்லும் வரிசையில் செய்து பாருங்கள்.

முதலில் ஹைட்ரஜன் மூலக்கூறு. பிணைப்பு நீளம் 0.74 ஆங்ஸ்ட்ராமை ஒட்டி வரவேண்டும். வந்தால் மென்பொருள் சரியாக நிறுவப்பட்டிருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான்.

அடுத்து செம்புப் படிகம். சோதனையில் அதன் அலகுக்கூட்டின் நீளம் 3.61 ஆங்ஸ்ட்ராம். பிபிஇ அதைவிடச் சற்றுக் கூடுதலாகத் தரும். இந்தக் கணக்கிலேயே கட்-ஆஃப் ஆற்றலையும் (எலக்ட்ரான் அலைகளை எவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறோம் என்பதன் அளவு) கே-புள்ளிகளின் எண்ணிக்கையையும் (படிகத்தின் அலைவெளியில் எத்தனை இடங்களில் கணக்கிடுகிறோம் என்பது) படிப்படியாகக் கூட்டி, விடை எப்போது அசையாமல் நிற்கிறது என்று பாருங்கள். இதைக் கன்வெர்ஜென்ஸ் சோதனை என்பார்கள். யாரோ ஒருவருடைய உள்ளீட்டுக் கோப்பை வாங்கி அப்படியே ஓட்டுபவர்கள் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள். தவிர்த்தவர்கள் பிஎச்டி இரண்டாம் வருடத்தில் எல்லாவற்றையும் திரும்ப ஓட்ட வேண்டி வரும்.

மூன்றாவது ஆக்சிஜன் மூலக்கூறு. அதில் இணைசேராத எலக்ட்ரான்கள் இரண்டு. பி.எஸ்சி.யில் மூலக்கூறு ஆர்பிட்டால் கொள்கையில் படித்ததுதான். ஆனாலும் கணக்குப் போடும்போது தற்சுழற்சியை (ஸ்பின்) குறிப்பிட மறந்துவிடுவார்கள். மென்பொருள் கோபித்துக்கொள்ளாது, தவறான ஒரு எண்ணை அமைதியாகக் கொடுத்துவிடும். தற்சுழற்சியைச் சரியாகக் கொடுத்தாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஆக்சிஜன் மூலக்கூறை அணுக்களாகப் பிரிக்க வேண்டிய ஆற்றலை பிபிஇ ஏறக்குறைய ஒரு எலக்ட்ரான் வோல்ட் கூடுதலாகச் சொல்கிறது. வேதியியலில் இது மிகப் பெரிய பிழை. அதனால் பலரும் ஆக்சிஜனை நேரடியாகக் கணக்கிடாமல், நீரையும் ஹைட்ரஜனையும் கணக்கிட்டு, நீர் பிரிவதற்கான சோதனை மதிப்பிலிருந்து ஆக்சிஜனின் ஆற்றலை வரவழைக்கிறார்கள்.

நான்காவதுதான் உண்மையான வினையூக்கிக் கணக்கு. செம்பின் 111 தளத்தில் (படிகத்தை ஒரு குறிப்பிட்ட திசையில் வெட்டினால் வரும் பரப்பு) நான்கு அடுக்குகள், கீழ் இரண்டை அசையாமல் நிறுத்துங்கள், மேலே 15 ஆங்ஸ்ட்ராம் வெற்றிடம் விடுங்கள். அதன்மேல் ஒரு ஆக்சிஜன் அணுவை வையுங்கள். அணுவோடு சேர்ந்த பரப்பின் ஆற்றலிலிருந்து வெறும் பரப்பின் ஆற்றலையும் ஆக்சிஜனுக்கான ஆதார மதிப்பையும் கழித்தால் பரப்புக் கவர்தல் ஆற்றல், அதாவது முன்பு சொன்ன ஒட்டும் ஆற்றல், கிடைக்கும். ஓட்டுநர் உட்கார்ந்தபடி ஒரு முறை, இறங்கியபின் ஒரு முறை லாரியை எடைமேடையில் நிறுத்தி, ஓட்டுநரின் எடையைக் கண்டுபிடிக்கிற வேலை இது. இரண்டு பெரிய எண்களின் சின்ன வித்தியாசத்தை எடுக்கிறோம். ஆகவே இரண்டு கணக்கும் ஒரே கட்-ஆஃப், ஒரே கே-புள்ளி, ஒரே பெட்டி அளவில் இருந்தாக வேண்டும். எந்த ஆதார மதிப்பை வைத்துக் கழித்தீர்கள் என்று எழுதாவிட்டால் வந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

இந்த நான்கையும் லேப்டாப்பிலேயே முடிக்கலாம். நான்காவது கொஞ்சம் நேரம் எடுக்கும், இரவில் ஓடவிட்டுத் தூங்கலாம். முடித்துவிட்டு ஒரு நோட்டில், ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே, அது ஏன் சரி என்று நினைக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதிவையுங்கள்.

பிஎச்டி சேர்வது

சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் எஸ்ஆர்எஃப் (முதுநிலை உதவித்தொகை) ஆக 42,000 ரூபாய், கூடவே வீட்டு வாடகைப் படி. 2023-லிருந்து இந்த விகிதம். கேட் தேர்வு மூலமும் ஐஐடிகளில் சேரலாம்.

தேர்வைவிடக் கைடைத் தேர்ந்தெடுப்பதுதான் பெரிய முடிவு. இதில் ரொம்பப் பேர் அவசரப்படுகிறார்கள். கிடைத்த இடத்தில் சேர்ந்துவிட்டு ஐந்து வருடம் கஷ்டப்படுவதைவிட, ஒரு அரையாண்டு காத்திருப்பது எவ்வளவோ மேல்.

அவருடைய கடைசி இரண்டு மூன்று கட்டுரைகளைப் படியுங்கள். முழுவதும் புரியாது, பரவாயில்லை. கணக்குகளைச் சோதனைத் தரவோடு ஒப்பிடுகிறாரா, பிழை எவ்வளவு இருக்கும் என்று எழுதுகிறாரா என்று மட்டும் பாருங்கள். அப்புறம் அந்தக் குழுவின் மாணவர்களிடம் தனியாகப் பேசுங்கள். பட்டம் முடிக்க எவ்வளவு காலம் ஆகிறது, கட்டுரையின் முதல் வரைவை யார் எழுதுகிறார்கள், கணினி நேரம் போதுமான அளவு கிடைக்கிறதா, கைடு வாரம் ஒரு முறையாவது உட்கார்ந்து பேசுகிறாரா என்று கேளுங்கள். படித்து முடித்துப் போனவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதையும் விசாரியுங்கள்.

பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதும்போது சுருக்கமாக எழுதுங்கள். "டியர் சார், உங்கள் ஆராய்ச்சி என்னை மிகவும் கவர்ந்தது" என்று நூறு பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால், படிக்கும்போதே தெரிந்துவிடும். அவருடைய ஒரு கட்டுரையில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வி, நீங்கள் செய்து பார்த்த கணக்கு ஒன்று, தேர்வு மதிப்பெண். இது போதும். எம்.எஸ்சி.யில் சொன்ன அந்த நான்கு கணக்குகளைச் செய்தவருக்குக் கேள்வி தானாக வரும்.

கணினி நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் திட்டம் 2015-ல் தொடங்கிய பிறகு நிலைமை வெகுவாக மாறியிருக்கிறது. இந்திய அறிவியல் கழகத்தில் பரம் பிரவேகா, திருச்சி என்ஐடியில் 2022-லிருந்து 838 டெராஃப்ளாப்ஸ் திறனுள்ள பரம் பொருள் என்று பல இடங்களில் இயந்திரங்கள் வந்துவிட்டன. நீங்கள் சேரப்போகும் குழுவுக்கு இவற்றில் எதிலாவது பயனர் கணக்கு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பிஎச்டியின் ஐந்து வருடம்

முதல் வருடம் ஏற்கெனவே வெளியான ஒரு வேலையை மீண்டும் செய்து அதே விடையை எடுங்கள். கைடு சொல்லாவிட்டாலும் செய்யுங்கள்.

இரண்டாவது வருடத்திலிருந்து டிரான்சிஷன் ஸ்டேட் (வினைப்பாதையின் ஆற்றல் உச்சி) தேடுவது, அதிர்வெண் கணக்கு, கிப்ஸ் ஆற்றல் திருத்தங்கள், படிகளின் வேகங்களைச் சேர்த்து மொத்த வேகம் காணும் மைக்ரோகைனடிக் மாதிரிகள் என்று கருவிகள் ஒவ்வொன்றாகக் கைக்கு வரும். இவற்றைக் கற்பது கடினமில்லை. இந்தக் காலத்தில் உள்ளே ஊற வேண்டியது பிழையைப் பற்றிய உணர்வு.

ஒரு கணக்கைப் பாருங்கள். டிஎஃப்டி தரும் கிளர்வு ஆற்றலில் 0.2 எலக்ட்ரான் வோல்ட் பிழை இருப்பது சர்வசாதாரணம். அறை வெப்பநிலையில், அதாவது 300 கெல்வினில், அந்தச் சிறிய பிழை வினைவேகத்தை இரண்டாயிரம் மடங்குக்கு மேல் மாற்றிவிடும். 700 கெல்வினில் அதே பிழை முப்பது மடங்குக்குள் நிற்கும். ஆகவே ஒரு வினையூக்கியின் வேகத்தைத் தனியாக, ஒரு எண்ணாகச் சொல்வது ஆபத்து. இரண்டு வினையூக்கிகளில் எது மேல் என்று ஒப்பிட்டுச் சொல்வது பாதுகாப்பு, ஏனென்றால் இரண்டிலும் பிழை பெரும்பாலும் ஒரே பக்கமாகச் சாய்கிறது. துறையில் எரிமலை வரைபடங்கள் இவ்வளவு பயன்படுவதற்குக் காரணமும் இதுதான்.

சில நேரம் பிழை போக்கையே மாற்றிவிடும். பிளாட்டினத்தின் 111 தளத்தில் கார்பன் மோனாக்சைடு ஒரு அணுவின் உச்சியில் நேராக நிற்கிறது என்று சோதனைகள் சொல்கின்றன. வழக்கமான டிஎஃப்டி, மூன்று அணுக்களுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில்தான் அது உட்காரும் என்று அடித்துச் சொல்கிறது. 2001-ல் பல குழுக்கள் சேர்ந்து வெவ்வேறு மென்பொருள்களில் கணக்கிட்டுப் பார்த்தும் அதே தவறான விடைதான் வந்தது. கணக்கை எவ்வளவு கவனமாகப் போட்டாலும் தோராயத்தில் இருக்கும் குறை போகாது என்று அந்தக் கட்டுரை வெளிப்படையாகக் காட்டியது. தங்கள் கருவி எங்கே தோற்கிறது என்று கருவியைப் பயன்படுத்துபவர்களே எழுதினார்கள். இந்த நேர்மையைப் பழகுங்கள்.

பிழையிலிருந்து காப்பாற்றும் இன்னொன்று, சோதனை செய்பவர்களோடு நெருங்கிப் பழகுவது. இதற்கு நல்ல உதாரணம் யென்ஸ் நோர்ஸ்கோவின் வாழ்க்கை. இயற்பியலாளர், டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் 1979-ல் பிஎச்டி முடித்தவர். வினையூக்கிகளைத் தயாரிக்கும் ஹால்டோர் டோப்சோ நிறுவனத்தில் சில காலம் வேலை செய்தார். பிறகு டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், 2010-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு, 2018-ல் மறுபடியும் டென்மார்க். ஒட்டும் ஆற்றலை உலோகத்தின் டி-பட்டையோடு (டி-எலக்ட்ரான்களின் ஆற்றல் மட்டங்கள்) இணைக்கும் கருத்து, பியோர்க் ஹாமருடன் சேர்ந்து அவர் கொடுத்தது.

1998-ல் வந்த அவர்களுடைய ஒரு வேலையைச் சொல்கிறேன். மீத்தேனையும் நீராவியையும் வினைபுரியவைத்து ஹைட்ரஜன் எடுக்க நிக்கல் பயன்படுகிறது. காலப்போக்கில் அதன்மேல் கரி படிந்து செயலிழந்துவிடும். நிக்கல் பரப்பில் கொஞ்சம் தங்கம் கலந்தால் கரி படிவது குறையும் என்று கணக்கு சொன்னது. தங்க அணுக்கள் பரப்பில் உண்மையிலேயே எப்படி அமர்கின்றன என்பதை அணுக்களைக் காட்டும் வருடும் ஊடுருவல் நுண்ணோக்கியில் (எஸ்டிஎம்) படம் எடுத்தார்கள். பிறகு அந்த வினையூக்கியைச் செய்து ஓட்டிப் பார்த்தார்கள், கரி படிவதை அது தாங்கியது. கணக்கு, நுண்ணோக்கி, தொழிற்சாலை மூன்றும் ஒரே கட்டுரையில். உங்கள் வளாகத்தில் வினையூக்கி ஆய்வகம் இருந்தால் அவர்களுடைய குழுக் கூட்டத்துக்கு அனுமதி கேட்டுப் போய் உட்காருங்கள். அவர்களுக்குத் தலைவலியாக இருக்கும் விஷயங்கள் உங்களுக்குக் கேள்விகளாகும்.

இயந்திரக் கற்றலைத் தவிர்க்க முடியாது. மெட்டாவும் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2020-ல் வெளியிட்ட ஓபன் கேட்டலிஸ்ட் தரவுத்தொகுப்பில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பரப்புக் கணக்குகள் இருக்கின்றன. அவற்றில் பயிற்றுவித்த மாதிரிகள் நாள்கணக்கில் ஆகும் வேலையை நொடிகளில் முடிக்கின்றன. கட்டாயம் பழகுங்கள். ஆனால் அந்த மாதிரி கற்றுக்கொண்டது டிஎஃப்டி விடைகளிலிருந்து, எனவே டிஎஃப்டியின் குறைகளும் கூடவே வரும். பயிற்சியில் பார்க்காத பரப்பைக் கொடுத்தால் அதற்கும் தயங்காமல் விடை சொல்லும். சிலவற்றையாவது எடுத்து முழுக் கணக்குப் போட்டுச் சரிபாருங்கள்.

போஸ்ட்டாக்: கைடிலிருந்து விலகி நில்லுங்கள்

பிஎச்டியில் செய்ததையே வேறு ஊரில் தொடர்வதற்கு போஸ்ட்டாக் தேவையில்லை. உலோகப் பரப்பில் பழகியிருந்தால் மின்வேதியியலுக்கோ, நுண்துளைகளுள்ள சியோலைட்டுகளுக்கோ போங்கள். ஜெர்மனியின் ஹும்போல்ட், ஐரோப்பாவின் மேரி கியூரி உதவித்தொகைகளுக்கு நீங்களே ஆய்வுத் திட்டம் எழுத வேண்டும். கிடைக்காவிட்டாலும் எழுதிப் பழகிய பழக்கம் மிஞ்சும். பிஎச்டி முடிவதற்கு ஒரு வருடம் முன்பே தேடத் தொடங்குங்கள்.

இந்தக் காலத்தில்தான் உங்களுக்கென்று ஒரு கேள்வி வேண்டும். நல்ல கேள்வி எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். நீரைப் பிரித்து ஆக்சிஜன் எடுக்கும் வினை நான்கு படிகளில் நடக்கிறது. மொத்தத்துக்கு 4.92 எலக்ட்ரான் வோல்ட் தேவை. வழியில் வரும் இரண்டு இடைப்பொருள்களின் ஆற்றல் வித்தியாசம் அதில் பாதி, 2.46 ஆக இருந்தால் வினையூக்கி கச்சிதமாக இருக்கும். எத்தனையோ ஆக்சைடுகளைக் கணக்கிட்டும் அந்த வித்தியாசம் 3.2-ஐ ஒட்டியே நிற்கிறது. ஒன்றின் ஒட்டுதலை மாற்றினால் இன்னொன்றும் கூடவே மாறிவிடுகிறது. அதனால் கிட்டத்தட்ட 0.4 வோல்ட் மின்னழுத்தம் வீணாகிறது. இந்தக் கட்டை எப்படி அவிழ்ப்பது என்று உலகம் முழுவதும் இன்றும் முயன்றுகொண்டிருக்கிறார்கள். எந்த ஆக்சைடு நல்லது என்று கேட்பதைவிட, எல்லா ஆக்சைடுகளும் ஏன் ஒரே இடத்தில் முட்டி நிற்கின்றன என்று கேட்டது எவ்வளவு தூரம் கொண்டுபோயிருக்கிறது பாருங்கள்.

வேலைக்கு விண்ணப்பிப்பது

ஐஐடி, ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள்) போன்ற இடங்களில் உதவிப் பேராசிரியர் முதல் நிலைக்கு பிஎச்டிக்குப் பிறகு பொதுவாக மூன்று வருட அனுபவம் எதிர்பார்ப்பார்கள். பல இடங்களில் வருடம் முழுவதும் விண்ணப்பிக்கலாம். ஆய்வுத் திட்டம், கற்பித்தல் குறிப்பு, பரிந்துரைக் கடிதங்கள், ஒரு கருத்தரங்க உரை, பிறகு நேர்காணல்.

நேர்காணலில் ஏதோ ஒரு வடிவில் கட்டாயம் வரும் கேள்வி: உங்கள் கைடு செய்யாத எதை நீங்கள் செய்யப்போகிறீர்கள்? இதற்கு இரண்டு நிமிடத்தில், வேறு துறைக்காரருக்கும் புரியும்படி பதில் சொல்ல வேண்டும். அடுத்து, சோதனையாளர்கள் எவரோடு வேலை செய்வீர்கள் என்று கேட்பார்கள். அந்தத் துறையின் பேராசிரியர்கள் என்ன செய்கிறார்கள் என்று முன்பே படித்துக்கொண்டு போங்கள். எந்தப் பாடங்களை நடத்துவீர்கள் என்று கேட்டால் குவாண்டம் வேதியியலை மட்டும் சொல்லாதீர்கள். வெப்ப இயக்கவியல், வினைவேகவியல், முதல் வருடப் பொது வேதியியல் எல்லாம் நடத்த ஆள் தேவைப்படும்.

நிரந்தர வேலை கிடைக்கும்வரை தாங்கிப்பிடிக்க மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையான டிஎஸ்டியின் இன்ஸ்பயர் ஃபேகல்ட்டி திட்டம் இருக்கிறது. ஐந்து வருடம், மாதம் 1,25,000 ரூபாய், வருடத்துக்கு 7 லட்சம் ஆய்வு நிதி. வயது வரம்பு உண்டு, பிஎச்டி முடித்தவுடனேயே பாருங்கள். வெளிநாட்டிலிருந்து திரும்புபவர்களுக்கு ராமானுஜன் ஃபெல்லோஷிப் இருக்கிறது.

கலை அறிவியல் கல்லூரிகளின் பாதை வேறு. அங்கே நேரடி நியமனத்துக்கு நெட் அல்லது (மாநில அளவிலான) செட் தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதி என்று யுஜிசி 2023 ஜூலையில் விதியை மாற்றியது. யுஜிசி அளவுகோலில் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய், வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பு. ஆராய்ச்சிக்கு நேரம் குறைவுதான். ஆனால் விலையுயர்ந்த கருவிகள் இல்லாத கல்லூரியில் தரமான ஆய்வு செய்ய வேதியியலில் இருக்கும் சில வழிகளில் நம்முடையதும் ஒன்று. நல்ல கணிப்பொறி ஒன்று, சூப்பர் கம்ப்யூட்டர் மையத்தில் ஒரு பயனர் கணக்கு, பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் சோதனை செய்யும் நண்பர் ஒருவர் இருந்தால் வேலை நடக்கும். இந்த வேலையை இரண்டாம் தரமாக நினைக்க வேண்டாம். அடுத்த தலைமுறை மாணவர்கள் முதலில் சந்திக்கும் ஆசிரியர் அங்கேதான் இருக்கிறார்.

பேராசிரியர் வேலை வேண்டாம் என்று வழியில் தோன்றினாலும் தப்பில்லை. பெங்களூருவில் ஷெல்லின் தொழில்நுட்ப மையம், ஸ்குரோடிங்கர் போன்ற மென்பொருள் நிறுவனங்கள், சுத்திகரிப்பு ஆலைகளின் ஆய்வு மையங்கள் என்று இந்தத் திறன்களுக்கு வேறு இடங்களும் உண்டு.

சேர்ந்த முதல் வருடம்

முதலில் நிதிக் கருத்துரு. ஆராய்ச்சிக்கு நிதி தந்த மத்திய அரசின் செர்ப் அமைப்பின் இடத்துக்கு இப்போது ஏஎன்ஆர்எஃப் வந்திருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான பிரதமர் பெயரிலான தொடக்கநிலை ஆய்வு நிதி மூன்று வருடத்துக்கு 60 லட்சம் ரூபாய் வரை தருகிறது. நிதி எழுதும்போது கணினிக்கு மட்டும் பணம் கேட்காதீர்கள். குளிரூட்டல், தடையில்லா மின்சாரம், சேமிப்பகம், பராமரிப்பு எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. துறையில் மின்தடை வந்தால் என்ன ஆகும் என்று கட்டடப் பொறியாளரிடம் கேட்டுவிட்டுக் கணினியை வாங்குங்கள். சிறிய குழுவுக்கு, சொந்தமாகப் பெரிய கிளஸ்டர் வைப்பதைவிட தேசிய மையங்களில் நேரம் வாங்குவதே லாபம் என்பது என் கருத்து.

முதல் வருடம் பாடம் தயாரிப்பதிலேயே போய்விடும். அதைத் தடுக்க முடியாது. வாரத்தில் ஒரு அரை நாளையாவது யாரும் தொடமுடியாதபடி ஆய்வுக்கு ஒதுக்கிவைத்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்தால் போடும் போலி ஆய்விதழ்களின் அழைப்புகள் தினமும் வரும், ஒன்றுக்குக்கூடப் பதில் எழுத வேண்டாம்.

முதல் மாணவர் சேர்ந்ததும், நீங்கள் பிஎச்டியில் செய்த ஒரு கணக்கை அவரிடம் கொடுத்து, உங்கள் கோப்புகளைக் காட்டாமல், கட்டுரையை மட்டும் படித்து மீண்டும் செய்யச் சொல்லுங்கள். எங்கே தடுக்கி நிற்கிறாரோ அங்கே உங்கள் கட்டுரையில் விவரம் போதவில்லை என்று தெரியும். குழுவின் எல்லாக் கட்டுரைகளுக்கும் உள்ளீட்டுக் கோப்புகளையும் அணு அமைப்புகளையும் ஸெனோடோ, நோமாட் போன்ற பொதுக் களஞ்சியங்களில் போடும் வழக்கத்தை அன்றே தொடங்குங்கள். பின்னாளில் மாணவர் ஒருவர் ஆய்வேட்டைக் கொண்டுவந்து வைக்கும்போது, அதிலுள்ள எண்களை அந்தக் கோப்புகளிலிருந்து குழுவில் இன்னொருவரால் எடுக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.